தசைநாணும் புரதச் சத்தும்

(தோட்ட மண்டபம் ஒன்றில் மகளிர் குழுவினர் ஏற்பாடு செய்த சுகாதாரக் கூட்டத்தில், ஓய்வு பெற்ற தோட்ட மருத்துவ உதவியாளர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சற்று முன் இம்மண்டபத்தின் வாயிற்படியில் ஓர் அம்மையார் என்னை நிறுத்தித் தம் வலக்கையை நீட்டினார். "டிரஸ்ஸர் ஐயா, பெருவிரல் நரம்பு பிசகி மூன்று மாதமாகிறது. தைலம் தேய்க்காத நாளில்லை. காலையில் வாளியைத் தூக்க முடியவில்லை" என்றார். நான் தைலத்தைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "காலையில் என்ன சாப்பிட்டுவிட்டு மரம் வெட்டப் போகிறீர்கள்?" என்று கேட்டேன். அவர் சிரித்தார். "கடுங்காப்பி, இரண்டு பிஸ்கட்" என்றார். அந்த வலிக்கும் அந்தக் காப்பிக்கும் உள்ள உறவைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

முதற்கண் பெயரைத் திருத்திக் கொள்வோம். கைகால் எங்கு இழுத்துப் பிடித்தாலும் அதனை 'நரம்பு' என்று சொல்லிவிடுவது நம் வழக்கம். நரம்பு என்பது மூளையின் செய்தியை உறுப்புகளுக்குக் கொண்டு செல்லும் கம்பி. நீங்கள் பிசகிவிட்டது என்று சொல்வது பெரும்பாலும் நரம்பன்று, தசைநாண். தசையை எலும்போடு பிணைக்கும் கயிறே தசைநாண். வில்லுக்கு நாண் எப்படியோ அப்படியே தசைக்கு இந்த நாண். முழங்கையின் கீழே உள்ள தசை சுருங்குகிறது, நாண் இழுக்கப்படுகிறது, விரல் மடங்குகிறது. விரலில் தசை ஏறத்தாழ இல்லை என்றே சொல்லலாம். கத்தியைப் பிடித்திருக்கும் உங்கள் விரல்களை இயக்குவது முன்கையிலிருந்து மணிக்கட்டு வழியாக ஓடிவரும் இந்தக் கயிறுகள்தாம். உள்ளங்கையை மேலே திருப்பி முட்டியை இறுக்கிப் பாருங்கள். மணிக்கட்டில் புடைத்துக்கொண்டு எழுபவை அவையே.

இந்தக் கயிறு எதனால் ஆனது? அதிலுள்ள நீரை நீக்கிவிட்டுப் பார்த்தால், எஞ்சியதில் பெரும்பகுதி கொலாஜன் என்னும் ஒரே வகைப் புரதம். எலும்பிலும் தோலிலும் இருப்பதும் இதுவே. இதன் அமைப்பைக் கண்டறிந்த வரலாற்றில் நாம் பெருமைப்படத்தக்க செய்தி ஒன்று உண்டு. உலகின் பெரிய ஆய்வுக்கூடங்கள் பலவும் இந்தப் புரதத்தின் வடிவம் தெரியாமல் திகைத்துக்கொண்டிருந்த காலத்தில், சென்னைப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய இயற்பியல் பேராசிரியர் ஜி. என். இராமச்சந்திரனும் அவருடைய துணைவர் கோபிநாத் கர்த்தாவும் 1954ஆம் ஆண்டில் அதனை வெளியிட்டனர். அவர்கள் ஊடுகதிர் கொண்டு ஆராய்ந்த பொருள் என்ன தெரியுமா? கங்காருவின் வாலிலிருந்து எடுத்த தசைநாண்! இழைகள் ஒழுங்காக அடுக்கப்பட்டிருந்ததால் அது ஆய்வுக்கு ஏற்றதாயிற்று. மூன்று சரங்கள் ஒன்றையொன்று முறுக்கிக்கொண்டு நிற்கும் முப்புரிக் கயிறே கொலாஜன் என்று அவர்கள் கண்டார்கள். ஒவ்வொரு சரத்திலும் ஏறத்தாழ 1,000 அமினோ அமிலங்கள் மணிகளாகக் கோக்கப்பட்டுள்ளன. மூன்றாவது மணி ஒவ்வொன்றும் கிளைசின் என்னும் மிகச் சிறிய மணி. அது சிறியதாக இருப்பதனாலேதான் மூன்று சரங்களும் நெருங்கி முறுக்கிக்கொள்ள முடிகிறது. நுண்ணிய முப்புரிகள் சேர்ந்து இழையாகி, இழைகள் சேர்ந்து கற்றையாகி, கற்றைகள் சேர்ந்து நாணாகின்றன. தேங்காய் நாரிலிருந்து கயிறு திரிப்பதைப் பார்த்தவர்களுக்கு இதனை விளக்க வேண்டியதில்லை.

முறுக்கு நிலைத்து நிற்பதற்கு மற்றொரு பொருள் தேவைப்படுகிறது. அதுதான் வைட்டமின் சி. சரத்திலுள்ள சில மணிகளைத் திருத்தி அமைக்கும் வேலைக்கு அது வேண்டும். அத்திருத்தம் நடவாவிடில், முறுக்கப்பட்ட கயிறு 24 பாகை வெப்பத்திலேயே பிரிந்துவிடும். நம் உடலின் வெப்பமோ 37 பாகை. 1740ஆம் ஆண்டில் ஆன்சன் என்னும் ஆங்கிலத் தளபதியின் தலைமையில் உலகைச் சுற்றப் புறப்பட்ட கப்பல்களில், பச்சைக் காய்கறியும் பழமும் இல்லாமல் நூற்றுக்கணக்கானோர் ஸ்கர்வி நோயால் மாண்டனர். அப்பயண வரலாற்றில் ஒரு முதிய மாலுமியைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். ஐம்பது ஆண்டுகளுக்கு முன் ஒரு போரில் பட்டு முழுதும் ஆறிப்போயிருந்த அவருடைய காயம், நோய் முற்றியதும் ஒருபோதும் ஆறாததைப் போலத் திறந்துகொண்டதாம். ஆறிய தழும்பையும் உடல் ஓயாது பழுதுபார்த்துக்கொண்டே இருக்கிறது என்பதும், சத்து நின்றால் அந்த வேலையும் நின்றுவிடும் என்பதும் இதனால் விளங்குகின்றன.

இனி உங்கள் தொழிலுக்கு வருகிறேன். என் தாயாரும் பால் வெட்டியவர்தாம். ஆதலால் நான் அறியாததைச் சொல்வதாக எண்ண வேண்டா. ஒருவர் நாளொன்றுக்கு 500 மரம் வெட்டுகிறார் என்று கொள்வோம். ஒரு மரத்தில் பத்து இழுப்பு என்று குறைத்துக் கணக்கிட்டாலும், 5,000 முறை அந்தக் கை ஒரே விதமாக மடங்கி இழுக்கிறது. பெருவிரல் கத்தியை அழுத்திப் பிடிக்க, மணிக்கட்டு பக்கவாட்டில் வளைகிறது. பெருவிரற்பக்க மணிக்கட்டில் இரண்டு நாண்கள் ஓர் இடுக்கான உறைக்குள் ஓடுகின்றன. அந்த உறை தடித்து நாணை நெருக்குவதே வாயிலில் நின்ற அம்மையாரின் நோய். 1895ஆம் ஆண்டில் டெ குவெர்வேன் என்னும் சுவிட்சர்லாந்து அறுவை மருத்துவர் இதனை விவரித்தமையால் அவர் பெயராலேயே வழங்குகிறது. பெருவிரலை மற்ற விரல்களுக்குள் மடக்கி, முட்டியைச் சிறுவிரற் பக்கமாகச் சாய்க்கும்போது சுரீரென்று வலித்தால், அந்நோய் என்று ஐயுறலாம். உயரப் பட்டையை மேல்நோக்கி வெட்டுவோருக்குத் தோள் நாண் தேய்கிறது. முழங்கையின் வெளிப்புறத்தில் வரும் வலியும் நாண்வலியே. ரப்பரை விட்டுச் செம்பனைக்கு மாறிய தோட்டங்களில் நீண்ட கழியால் குலை அறுப்போருக்கும் தோள்தான் முதலில் கெடுகிறது.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். ஒருநாள் விட்டு ஒருநாள் வெட்டு என்பது உங்களுக்குப் பழகிய முறை. இன்று வெட்டிய மரத்தை நாளை வெட்டுவதில்லை. பால் மீண்டும் ஊறுவதற்கு மரத்திற்கு அவகாசம் தருகிறோம். மூன்று நாளைக்கு ஒருமுறை வெட்டும் தோட்டங்களும் உண்டு. ஆனால் வெட்டுகிறவர் என்ன செய்கிறார்? இன்று ஒரு பகுதி, நாளை அடுத்த பகுதி. மரம் மாறுகிறது, கை மாறுவதில்லை. தசைநாணைப் பற்றிய ஆராய்ச்சிகள் சொல்வது இது: கடினமாக உழைத்த பின் நாணிலுள்ள கொலாஜன் ஒரு பக்கம் சிதைகிறது, மறு பக்கம் புதிதாக உண்டாகிறது. முதல் 24 முதல் 36 மணி நேரம் வரை சிதைவே மிகுதி. அதற்குப் பிறகுதான் ஆக்கம் மிஞ்சுகிறது. அந்த ஆக்கம் தலையெடுக்குமுன் மறுநாள் விடியலில் மீண்டும் 5,000 இழுப்பு! மரத்திற்குத் தெரிந்து நாம் கொடுக்கும் ஓய்வைக் கைக்குத் தெரியாமல் மறுத்துவிடுகிறோம்.

வேலைக்குப் போகாமல் வீட்டிலிருங்கள் என்று சொல்ல நான் வரவில்லை. நாட்கூலியில் அடுப்பெரிகிற வீட்டில் அது வாயால் சொல்லும் மருந்து. அதுமட்டுமன்று, அசையாமல் கட்டிவைத்த நாண் வலுவிழந்து போகிறது என்பதும் உண்மை. அளவான இழுவிசை கிடைத்தால்தான் புதிய இழைகள் நேர்வரிசையில் அமைகின்றன. ஆகவே சுமையை முற்றும் நீக்குவது வழியன்று. அதைக் குறைப்பதும் இடைவெளி கொடுப்பதுமே வழி. வலி தொடங்கிய உடனே மண்டோரிடம் சொல்லி, சில வாரங்களுக்கு உயரப் பட்டை வெட்டுவோர் தாழ்ந்த பட்டைக்கு மாறலாம். குடும்பத்தில் இருவர் வெட்டினால் பால் எடுப்பதையும் சுமப்பதையும் ஒருவர் ஏற்கலாம். கத்தியை நாள்தோறும் தீட்டுங்கள். மழுங்கிய கத்தி பட்டையை மட்டுமன்றி மணிக்கட்டையும் சேர்த்து அறுக்கிறது.

நாண் எவ்வாறு ஆறுகிறது என்பதையும் உங்களுக்குத் தெரிந்த மரத்தைக் கொண்டே சொல்கிறேன். பட்டையை மெல்லியதாகச் சீவினால் புதுப்பட்டை வழவழப்பாக வளர்கிறது. கத்தி ஆழப் பதிந்து மரத்தைத் தொட்டுவிட்டால், அவ்விடத்தில் முடிச்சு விழுகிறது. மறுபடி அங்கே ஒழுங்காக வெட்ட இயலாது. நாணும் அத்தகையதே. அறுந்த அல்லது கிழிந்த இடத்தில் முதல் சில நாட்கள் வீக்கம் இருக்கும். பின்னர் சில வாரங்கள் உடல் அவசரமாக ஒரு மெல்லிய கொலாஜனை நெய்து ஓட்டையை அடைக்கிறது. அது நல்ல கயிறன்று, தாறுமாறான சணல். ஆறாம் வாரத்தை ஒட்டித் தொடங்கி, ஓராண்டும் அதற்கு மேலும், அந்தச் சணலை உடல் சிறுகச் சிறுக உறுதியான கயிறாக மாற்றுகிறது. அப்போதும் பழைய நிலைக்கு முற்றிலும் திரும்புவதில்லை. தோலில் பட்ட காயம் பத்து நாளில் ஆறுவதைப் பார்த்த நாம், நாணும் பத்து நாளில் ஆறிவிடும் என்று எண்ணி ஏமாறுகிறோம். நாணில் இரத்த ஓட்டமும் உயிரணுக்களும் குறைவு. அதனால் அதன் நாட்காட்டியே வேறு.

டென்மார்க் நாட்டு ஆய்வாளர்கள் 2013ஆம் ஆண்டில் வெளியிட்ட முடிவு இதைவிட வியப்பானது. 1950களிலும் 60களின் தொடக்கத்திலும் வல்லரசுகள் வானில் வெடித்த அணுகுண்டுகளால் காற்றில் ஒருவகைக் கதிரியக்கக் கரி மிகுந்தது. உணவு வழியாக அக்காலத்தில் வாழ்ந்த எல்லார் உடலிலும் சேர்ந்தது. குதிகால் நாணின் நடுப்பகுதியில் அந்தக் கரியின் அளவைப் பார்த்து, அந்தப் புரதம் எந்த ஆண்டில் உண்டானது என்று அவர்கள் கணித்தார்கள். பதினேழு வயதுக்குள் உண்டான நடுப்பகுதியே முதுமை வரை அப்படியே நிற்கிறது என்று தெரிந்தது. தாய்மார்களே, இதன் பொருளை எண்ணிப் பாருங்கள். உங்கள் பிள்ளை ஐம்பது வயதில் நிற்கப் போகும் கயிறு, அவன் பள்ளிக்கூடம் போகும் நாட்களிலேயே முறுக்கப்படுகிறது. முட்டையும் மீனும் பருப்பும் அந்த வயதில் குறைந்தால், பின்னாளில் வாங்கித் தந்து ஈடுகட்டுவது அரிது.

பெரியவர்களுக்குப் புரதம் பயனற்றதோ என்று கேட்பீர்கள். அன்று. நாணின் வெளிப்பகுதியும், காயத்தில் நெய்யப்படும் புது இழையும், நாணை இழுக்கும் தசையும் அன்றாடப் புரதத்தை நம்பியே இருக்கின்றன. நல்ல உடல்நலம் உடையவருக்கு எடையில் ஒரு கிலோவுக்கு 0.8 கிராம் அளவில் புரதம் வேண்டும். 55 கிலோ எடையுள்ள அம்மையாருக்கு நாளொன்றுக்கு 45 கிராம் என்று வைத்துக்கொள்ளலாம். காயம் ஆறும் காலத்தில் அதனை ஏறத்தாழ ஒன்றரை மடங்காக்குவது நலம். சிறுநீரக நோயுள்ளவர் மட்டும் மருத்துவரைக் கேட்டே கூட்ட வேண்டும். ஒரு கிண்ணம் சோற்றில் நான்கு கிராம்தான் புரதம். ஒரு முட்டையில் ஆறு. கெட்டியான பருப்பு ஒரு கிண்ணத்தில் பத்து வரை. 100 கிராம் தெம்பேயில் பதினெட்டு. அதே அளவு மீனிலோ கோழியிலோ இருபதுக்கு மேல். தெம்பே நம் மலாய் அண்டை வீட்டாரின் உணவு என்று பலர் தொடுவதில்லை. சைவ உணவினருக்கு அதைவிட மலிவான புரதம் கடைத்தெருவில் அதிகமில்லை. நெத்திலிக் கருவாடும் நல்லதே. உப்பைக் கழுவிவிட்டுச் சமையுங்கள்.

புரதத்தை இராச்சாப்பாட்டில் மட்டும் குவிப்பதைவிட வேளைதோறும் பிரித்து உண்பது மேல். அதனால்தான் அந்த அம்மையாரின் காலைக் காப்பியைக் கேட்டேன். விடியற்காலை எழுந்து நண்பகல் வரை உழைக்கும் உடலுக்கு, உழைப்பின் போது ஒரு துளிப் புரதமும் இல்லை. முதல் நாள் இரவே இரண்டு முட்டையை அவித்து வைத்தால், பெரட்டுக்குப் போகும் வழியிலேயே உண்ணலாம். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நம் வீடுகளில் குழம்பிலுள்ள மீன் கணவருக்கும் பிள்ளைகளுக்கும் போய், அடிச்சட்டியில் மிஞ்சிய சாறு அம்மாவுக்கு வருகிறது. அந்த அம்மாவும் 500 மரம் வெட்டிவிட்டு வந்தவர்தாம்.

வைட்டமின் சி நாளொன்றுக்கு 70 மில்லிகிராம் போதும். ஒரு கொய்யாப்பழம் அதற்கு மிகுதியாகவே தந்துவிடும். கீரையை நெடுநேரம் கொதிக்க வைத்தால் அச்சத்து அழிந்துவிடும். எலுமிச்சைச் சாற்றைச் சோற்றை இறக்கிய பின் பிழியுங்கள்.

அண்மைக் காலத்தில் கொலாஜன் பானம், கொலாஜன் தூள் என்று வீடுதேடி விற்க வருகிறார்கள். குடித்த கொலாஜன் நேரே மணிக்கட்டுக்குப் போய் ஒட்டிக்கொள்வதில்லை. வயிற்றிலும் குடலிலும் சிதைந்து மணிகளாகவும் சிறு துண்டுகளாகவும்தான் இரத்தத்தில் சேர்கிறது. பயனே இல்லையென்றும் நான் சொல்லவில்லை. 2017ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வில், எட்டு இளைஞர்கள் வைட்டமின் சியோடு 15 கிராம் ஜெலட்டின் அருந்தி ஒரு மணி நேரம் கழித்துக் கயிறு தாண்டியபோது, கொலாஜன் உண்டாவதைக் காட்டும் அடையாளம் இரத்தத்தில் இருமடங்காயிற்று. எட்டுப் பேரை வைத்து நாட்டுக்குப் பரிந்துரை செய்ய முடியாது. ஒரு வாரக் கூலியைக் கொடுத்து ஒரு டப்பா வாங்குவதற்கு முன், அந்தப் பணத்தில் எத்தனை தட்டு முட்டை வரும் என்று கணக்குப் பாருங்கள்.

இதைவிடக் கொடியது ஒன்று உண்டு. 'ஒரே நாளில் வலி பறக்கும்' என்று சொல்லி விற்கும் பெயர் தெரியாத மாத்திரைகளில் டெக்சாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டு மருந்து கலந்திருப்பதை நம் சுகாதார அமைச்சு பலமுறை கண்டுபிடித்து எச்சரித்துள்ளது. ஸ்டீராய்டு வலியை அடக்கும். கொலாஜன் நெய்வதையும் அடக்கும். என் தாயார் முழங்கை வலிக்கு ஒரு தனியார் மருந்தகத்தில் ஊசி போட்டுக்கொண்டார். மறுவாரமே வாளி தூக்கினார். மகிழ்ந்தோம். வலி திரும்பியது, மறுபடி ஊசி, மறுபடி வாளி. மூன்றாம் முறைக்குப் பின் தோசை திருப்பவும் அக்கை உதவவில்லை. மருந்துப் பெட்டி தூக்கிய மகனாகிய நானும் அன்று தடுக்கத் தெரியாதவனாக இருந்தேன். முழங்கை நாண்வலிக்கு இவ்வூசி போட்டவர்கள் முதல் சில வாரங்கள் நலமாக இருந்து, ஓராண்டு முடிவில் போடாதவர்களைவிடப் பின்தங்குகிறார்கள் என்பதை ஆராய்ச்சிகள் பின்னர் உறுதிப்படுத்தின. பெருவிரல் உறை தடிப்புக்கு அதே ஊசி நல்ல பயன் தருவதும் உண்டு. ஆகவே எந்த நோய்க்கு, எத்தனை முறை என்பதை மருத்துவரே முடிவு செய்யட்டும். ஊசி போட்ட கையோடு மறுநாள் வெட்டப் போகாதீர்கள்.

நீரிழிவு உள்ளவர்களுக்கு ஒரு சொல். இரத்தத்தில் மிகுந்த சர்க்கரை கொலாஜன் இழைகளோடு ஒட்டி அவற்றை விறைப்பாக்குகிறது. காயமும் தாமதமாக ஆறும். 2019ஆம் ஆண்டுத் தேசிய சுகாதார ஆய்வில் நாட்டின் பெரியவர்களில் ஐவருள் ஒருவருக்கு நீரிழிவு காணப்பட்டது. இந்தியர்களிடையே அவ்விகிதம் எல்லா இனத்தாரினும் உயர்ந்திருந்தது. ஆறாத தோள்வலியும் விரற்பிடிப்பும் உள்ளவர்கள் சர்க்கரையையும் சோதித்துப் பார்க்க வேண்டும்.

முழங்கை வலிக்கு வீட்டிலேயே செய்யத்தக்க பயிற்சி ஒன்றைக் காட்டுகிறேன். முன்கையை மேசைமேல் வைத்து, உள்ளங்கை கீழ்நோக்க மணிக்கட்டை விளிம்புக்கு வெளியே நீட்டுங்கள். அரை லிட்டர் நீர்ப்புட்டியைப் பிடித்துக்கொண்டு, மற்றக் கையால் மணிக்கட்டை மேலே தூக்கிவிட்டு, ஐந்து எண்ணும் வரை மெல்ல இறக்குங்கள். பதினைந்து முறை செய்து இளைப்பாறி, மீண்டும் இருமுறை அவ்வாறே செய்யுங்கள். சிறிது வலிக்கலாம், மறுநாள் வலி கூடினால் நீரைக் குறையுங்கள். பலன் தெரியப் பன்னிரண்டு வாரம் ஆகும்.

கத்தியோ அரிவாளோ உள்ளங்கையில் அல்லது மணிக்கட்டில் பட்டுவிட்டால், காயம் சிறிதாகத் தோன்றினாலும் ஒவ்வொரு விரலையும் தனித்தனியே மடக்கி நீட்டிப் பாருங்கள். ஒரு விரல் மடங்கவில்லையென்றால் நாண் அறுந்திருக்கிறது. அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். நாட்கள் கடந்தால் அறுந்த முனைகள் உள்ளே சுருங்கிக்கொள்ளும், தைப்பது கடினமாகிவிடும். தைத்த பிறகு கடின வேலைக்குத் திரும்பப் பெரும்பாலும் மூன்று மாதம் ஆகும். குதிகாலின் பின்புறம் 'பொட்' என்று அடித்தாற்போலிருந்து நுனிக்காலில் எழ முடியாவிட்டாலும் அவ்வாறே தாமதமின்றிச் செல்லுங்கள்.

மருத்துவரிடம் போகும்போது 'கை வலிக்கிறது' என்று மட்டும் சொல்லி வராதீர்கள். என்ன வேலை, எத்தனை ஆண்டு, நாளைக்கு எத்தனை மரம் என்பதைச் சொல்லிக் குறிப்பில் எழுதச் செய்யுங்கள். மணிக்கட்டிலும் முழங்கையிலும் வேலையால் வரும் நாண்நோய்களை அனைத்துலகத் தொழிலாளர் நிறுவனம் 2010ஆம் ஆண்டுத் தொழில்நோய்ப் பட்டியலில் சேர்த்துள்ளது. நம் நாட்டில் சொக்சோவின் வேலைவிபத்துத் திட்டம் தொழில்நோய்களையும் உள்ளடக்கியது. 2019ஆம் ஆண்டு முதல் அயல்நாட்டுத் தொழிலாளருக்கும் அப்பாதுகாப்பு நீட்டிக்கப்பட்டது. நோய்க்கும் வேலைக்கும் உள்ள தொடர்பு காகிதத்தில் இருந்தால்தான் கோரிக்கைக்குக் கால் இருக்கும்.

வாயிலில் கை நீட்டிய அம்மையார் மூன்றாம் வரிசையில் அமர்ந்திருப்பதைக் காண்கிறேன். அம்மா, கூட்டம் முடிந்ததும் சற்று இருங்கள். அந்தப் பெருவிரலைச் சோதித்துவிட்டு, மருத்துவமனைக்கு ஒரு கடிதம் எழுதித் தருகிறேன். கைவலி உள்ள மற்றவர்களும் இருக்கலாம். பெயர் எழுதிக்கொள்ளும் புத்தகம் மகளிர் குழுத் தலைவியிடம் இருக்கிறது.